முன்வரிசைச் செடிகள்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில பனி. எதிர்க்கரை தெரியல. ஏழு மணி படகை எட்டே காலுக்குத்தான் எடுத்தாங்க. துறையில இறங்கும்போது செருப்பு வார் அறுந்துபோச்சு. ஊக்கு மாட்டி நடந்தேன்.

சனிக்கிழமை பயிற்சிப் பட்டறை. ஆசிரியர்கள் முப்பது பேர், பழவேற்காடு, பொன்னேரி, மீஞ்சூர், காட்டூர் பக்கம் இருந்து. காலையில பழவேற்காடு மண்டபம். மத்தியானம் படகுல எங்க குப்பம், அலையாத்தி நடவைப் பாக்க.

செய்யவேண்டியது:
டேப்லெட் பன்னெண்டும் சார்ஜ் போடணும் (ஒண்ணுல திரை விரிசல், அதை எடுத்துட்டா பதினொண்ணு).
மழைமானிக்குக் காலி பாட்டில் முப்பது, கத்திரி, ஸ்கேல்.
உப்பு பாக்குற கருவி மூணு. கண்ணாடி துடைக்கணும்.
படகு நாலு, லைஃப் ஜாக்கெட் எண்ணணும்.
பேனர்ல "காளநிலை"ன்னு அடிச்சிருக்கான். திருப்பி அனுப்பணும்.
பல்லு. கிராம்பு வாங்கணும்.

மதியம் பிரபாகர் சார் போன். (இனிமே பி. சார். கை வலிக்குது.) அலையாத்தி நடவு, பிள்ளைங்க சாயங்காலம் படிக்கிற டேப்லெட் ரூம், இந்தத் திட்டம் முழுக்க சென்னை ஆபீஸ்ல அவர் கையில. இங்க களப் பொறுப்பாளர் நான்.

"அமுதா, நிதி தர்றவங்க பக்கம் இருந்து ஒரு மேடம் வர்றாங்க. ஆசிரியர்களோட சேர்ந்தே உக்காருவாங்க. நடவு எப்படி இருக்கு?"

"போன மாசம் போட்டோ அனுப்பினேனே சார்."

"பாத்தேன். அதனாலதான் கேக்குறேன். நர்சரில நூறு செடி சொல்லி வெச்சிருக்கேன். புதன்கிழமை வந்துடும். முன்வரிசையை மட்டும் நிரப்பிடுங்க. படகுல வந்து இறங்குறப்போ கண்ணுல படுற வரிசை."

"பின்னாடி இருக்குறது?"

"அவ்வளவு தூரம் சேத்துல யார் வரப்போறாங்க?"

சரி சார்னு சொன்னேன். போனை வெச்ச பிறகுதான் எதுக்குச் சரின்னு சொன்னேன்னு உறைச்சது.

வீட்டுல அண்ணி சோறு போட்டு மூடி வெச்சிருந்தாங்க. நான் போனதும் எழுந்து வெளிய போயிட்டாங்க. மார்கழியில இருந்தே இப்படித்தான். என்கிட்ட கேக்குறது சாவி, தண்ணிக்குடம், அவங்க பொண்ணைத் தேடி "யாழினி வந்தாளா". அதுக்கு மேல பேச்சு கிடையாது.

காரணம் தெரியும். குப்பத்துல பாடு, அதாவது ஏரியில முறைபோட்டு மீன் பிடிக்கிற உரிமை, இருக்குறவங்க வலை போடுவாங்க. எங்க தெருவுக்கு ஏரியில பாடு கிடையாது. பொம்பளைங்க இடுப்பளவு தண்ணில உக்காந்து கையால சேத்தைத் தடவி இறால் பிடிப்பாங்க. கிழக்குப் பக்கத்துச் சேறுதான் அதுக்கு இடம். போன வருஷம் மார்ச்சுல அந்த இடத்தைத்தான் நடவுக்கு வேலி போட்டோம். தெருவுல நின்னு பேசினது நான். "ஒரு வருஷம். செடி வேர் பிடிக்கிற வரைக்கும். அப்புறம் வேலியை எடுத்துடுவாங்க. என் பொறுப்பு." படிச்ச பொண்ணு சொல்றாளேன்னு தலையாட்டினாங்க.

இப்போ வேலியைச் சுத்திக்கிட்டுத் தெக்கே ஓடைக்குப் போறாங்க. போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். அங்க சேத்துல கிளிஞ்சல். மார்கழியில அண்ணி உள்ளங்கால் கிழிஞ்சது, இன்னும் துணி சுத்தியிருக்காங்க.

பிப்ரவரி 10, செவ்வாய்

தண்ணி இறங்குற நேரம் பாத்து ஒன்பது மணிக்கு வேலிக்குள்ள போனேன். தனியா. டேப்லெட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கழுத்துல மாட்டிக்கிட்டேன்.

முழுசா எண்ணிப் பாத்துடணும்னு தோணுச்சு. யார்கிட்டயும் சொல்றதுக்கு இல்ல. எனக்காக.

பதினோரு வரிசை. நட்டது ஆயிரத்துக்கு மேல. உயிரோட இருக்குறது நாப்பத்தி மூணு. அதுலயும் பாதிக்கு ரெண்டு இலை, மூணு இலை. மத்ததெல்லாம் குச்சி. குச்சி முழுக்கப் பாசி சுத்தி, அடியில சிப்பி ஒட்டி, தொட்டா ஆடுது. இழுத்தா வருது. வேர் கறுப்பா அழுகின வாடை.

போன வருஷம் நடுறதுக்கு முன்னாடியே அண்ணி சொன்னாங்க: "இங்க தண்ணி நிக்கும், செடி நிக்காது." பி. சார்கிட்ட நானே அதை எடுத்துச் சொன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "நிபுணர் வந்து மண்ணைப் பாத்துட்டாருங்க"ன்னார். நானும் கூடச் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இப்போ ஞாபகம் வருது.

ஒவ்வொரு குச்சியா போட்டோ எடுத்தேன். ஆப்ல "நிலை" இடத்துல ரெண்டே பட்டன். பச்சை, சிவப்பு. சிவப்பு, சிவப்பு, சிவப்பு, பச்சை, சிவப்பு. விரல் மரத்துப்போச்சு. "பதிவேற்று"ன்னு கடைசியில கேட்டுச்சு. அழுத்தல. சேமிச்சு வெச்சேன்.

தண்ணி ஏற ஆரம்பிச்சது. கதவுகிட்ட வர்றப்போ கால் புதைஞ்சு அப்படியே நின்னுட்டேன். நாலு பக்கமும் நீல வலை, மூங்கில் கம்பு. வெளிய இருந்து பாத்தா சின்னதா தெரியும். உள்ள நின்னா அது எங்க முடியுதுன்னே தெரியல.

பல்லு வலி ஜாஸ்தி. கிராம்பு கேக்கல.

பிப்ரவரி 11, புதன்

செடி பத்து மணிக்கு வந்துச்சு. கறுப்புப் பையில, நல்லா தழைச்சு, ஒரு முழ உயரம். படகுக்காரர் கேட்டாரு, "இன்னாம்மா, மறுபடியுமா?" நான் பையை எண்ண ஆரம்பிச்சேன்.

நூறு செடி நட நான் ஒருத்தி பத்தாது. தெருவுக்குப் போய் நின்னேன். யார்கிட்ட கேப்பேன். மல்லிகா அக்கா, தேசம்மா, இன்னும் நாலு பேர் வந்தாங்க, தினக்கூலிக்கு. அண்ணியும் வந்தாங்க. நான் கூப்பிடல. மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு முன்னாடி நடந்தாங்க.

வேலிக்கதவு கயித்தை அவுத்து நான் நகர்ந்து நின்னேன். பதினோரு மாசம் கழிச்சு உள்ள வர்றாங்க. மல்லிகா அக்கா மட்டும் குனிஞ்சு ஒரு கை சேத்தை எடுத்து மோந்து பாத்தாங்க.

செத்த குச்சியைப் பிடுங்கணும். அதே குழியில புதுச் செடி. வேகமா முடியணும்னு பையைக்கூட முழுசா கிழிக்கல, அடியை மட்டும் கீறி அப்படியே வெச்சோம். நான்தான் சொன்னேன் அப்படி.

நடுவுல அண்ணி கை சேத்துக்குள்ள போனது போனபடி நின்னுச்சு. தோள் மட்டும் லேசா அசைஞ்சது. வெளிய எடுத்தாங்க. விரல் இடுக்குல இறால். உயிரோட, நல்ல பருவம், மீசை ஆடுது.

எல்லாரும் வேலையை நிறுத்திட்டுப் பாத்தாங்க.

"கெடக்குது பாரு," மல்லிகா அக்கா சொன்னாங்க. "நம்ம வரலைன்னதும் கொழுத்துக்கினு கெடக்குது."

அண்ணி என்னைப் பாத்தாங்க. மார்கழிக்கு அப்புறம் முதல் தடவை நேரா பாக்குறாங்க. "இத்த இன்னா பண்றது, அமுதா? எடுத்துக்கினு போலாமா, இல்ல உன் ஆபீஸ்ல கேக்கணுமா?"

கிண்டல் இல்ல அது. நிஜமாவே கேட்டாங்க. அதுதான் தாங்க முடியல.

"எடுத்துக்கோ அண்ணி."

அண்ணி குனிஞ்சு தண்ணில விட்டுட்டாங்க. "ஒண்ணை வெச்சு இன்னா கொழம்பா வெக்கப்போறேன்."

மூணு மணிக்கு முடிஞ்சது. முன்வரிசை பச்சையா இருக்கு. பி. சாருக்குப் போட்டோ அனுப்பினேன். கட்டைவிரல் படம் வந்துச்சு.

குளிச்சும் நகத்துல சேறு போகல.

பிப்ரவரி 12, வியாழன்

பேனர் சரியா வந்தது. பாட்டில் இருபத்தாறு சேர்ந்தது, நாலு குறையுது.

பட்டறைக்குச் சுவர்ல ஒட்ட ஒப்பந்தத்தோட முதல் பக்கம் வேணும்னு பி. சார் சொன்னாரு. டேப்லெட் ரூம் அலமாரியில ஃபைலைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தை எடுக்கும்போது ரெண்டாவது கண்ணுல பட்டுச்சு. நிலத்தைப் பாதுகாக்கும் காலம் மூணு வருஷம். தேவைப்பட்டா நீட்டிக்கலாம்.

ரெண்டு தடவை படிச்சேன். இங்கிலீஷ்தான், ஆனா எனக்குத் தெரியாத இங்கிலீஷ் இல்ல. கடைசிப் பக்கத்துல ஊர்த் தலைவரான நாட்டாரோட ரேகை, ரெண்டு பேர் கையெழுத்து, சாட்சின்னு என் கையெழுத்து. படகுல வெச்சுப் போட்டது. காத்துல பக்கம் பறக்குதுன்னு பி. சார் மேல் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டாரு, நான் கீழ போட்டேன். யாரும் ஏமாத்தல. படிச்சிருக்கலாம். பதினோரு பக்கம்தான்.

போன் பண்ணினேன்.

"ஒரு வருஷம்னு சொன்னீங்களே சார்."

"ஒரு வருஷத்துல ஆய்வு பண்ணுவோம்னு சொன்னேன் அமுதா."

"தெருவுல நான் வேற மாதிரி சொல்லிட்டேன்."

"அது தெரியாதே எனக்கு."

"செடி செத்துப்போச்சு சார். எண்ணிட்டேன். நாப்பத்தி மூணுதான் இருக்கு. வேலியை எடுத்துடலாம். அங்க காப்பாத்த ஒண்ணும் இல்ல."

கோவப்படுவாருன்னு நெனச்சேன். கோவப்படல.

"நான் சொல்றதைக் கேளுங்க. நடவும் டேப்லெட் ரூமும் ஒரே நிதி. நடவு தோத்துப்போச்சுன்னு எழுதினா முழுத் திட்டமும் மூடிடும். ரூமைக் காலி பண்ணணும், டேப்லெட்டைத் திருப்பணும். அடுத்த மாசம் பத்தாவது பரீட்சை. உங்க அண்ணன் பொண்ணு அங்கதானே படிக்குது? நீங்களே சொல்லுங்க, நான் என்ன எழுதட்டும்?"

கையில இருந்த ஃபைலை மூடினேன்.

"எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா," அப்படின்னார். உண்மையாத்தான் இருக்கும்.

ஃபைலை உள்ள வெச்சுப் பூட்டினேன். முதல் பக்கத்தை மட்டும் ஒட்டினேன். மீன் படம் போட்டு அழகா இருக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி

வாடைக்காத்து. காலையில இருந்து படகு இல்ல. பழவேற்காட்டுக்குப் போய் மண்டபம் பாக்கணும், சாப்பாட்டுக்குச் சொல்லணும். போக முடியல. துறையில ரெண்டு மணி நேரம் நின்னுட்டுத் திரும்பினேன். எல்லாம் போன்லயே. சைவம் பதினொண்ணு.

இந்த ஊர்ல பொறந்தவளுக்குக் காத்தடிச்சா படகு இல்லன்றது புதுசு இல்ல. ஆனா இன்னிக்குத் துறையில நின்னு ரெண்டு கரையையும் பாத்தேன். அந்தப் பக்கம் போனா பி. சார். இந்தப் பக்கம் வந்தா அண்ணி. நடுவுல தண்ணி.

சாயங்காலம் வழக்கமான க்ளாஸ். யாழினி சீக்கிரம் வந்துட்டா. மத்த பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி கேட்டா:

"அத்தை, அலையாத்தி இருந்தா அலை குறையும், கரை நிக்கும், இறால் குஞ்சு வளரும்னு சொல்லிக் குடுத்தியே."

"ஆமா."

"அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அப்போ நம்ம செடி ஏன் செத்துச்சு? புஸ்தகத்துல தப்பா, இல்ல நாம வெச்ச எடம் தப்பா?"

"எடம் தப்பு."

"அதை எழுதி வெச்சியா?"

மத்த பிள்ளைங்க சத்தம் போட்டுக்கிட்டு உள்ள வந்தாங்க. தப்பிச்சேன்.

பிப்ரவரி 14, சனி

எழுதவே முடியாதுன்னு நெனச்சேன். எழுதிடுறேன்.

காத்து விட்டுப்போச்சு. ஆறரை படகு. மண்டபத்துல எல்லாம் ஒழுங்கா நடந்தது. பாட்டிலை வெட்டிக் கவுத்து மழைமானி. ஒரு டிரில் சார் கையை வெட்டிக்கிட்டாரு, பிளாஸ்திரி. ஏரித்தண்ணி, கிணத்துத்தண்ணி, குழாய்த்தண்ணி மூணையும் கருவியில சொட்டு விட்டு உப்பு பாத்தாங்க. டேப்லெட்ல பாடம் தயாரிக்கிறது நான் எடுத்தேன். நல்லாவே எடுத்தேன். ஆசிரியர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி இவரை அவர் தள்ளிட்டுப் பாத்தாங்க. ஒரு மணி நேரம் எல்லாம் மறந்திருந்தேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதி வெக்கணும்.

நிதி தர்ற இடத்து மேடம் காட்டன் புடவை, அமைதியா இருந்தாங்க. பின்னாடி உக்காந்து சின்ன நோட்டுல எழுதிக்கிட்டே.

ரெண்டு மணிக்குப் படகு. பி. சார் என் பக்கத்துல உக்காந்து, "முன்வரிசை போதும். இருபது நிமிஷம். டீ. கிளம்பிடலாம்"னு மெதுவா சொன்னாரு.

இறங்கினதும் கைதட்டினாங்க, பச்சையைப் பாத்து. குழுவுக்கு ஒரு டேப்லெட் குடுத்தேன். செடியைப் படம் எடுத்து, உயரம் அளந்து, பச்சை பட்டன். எங்க தெருப் பொம்பளைங்க கரையில டீ, சுண்டல் வெச்சுக்கிட்டு நின்னாங்க. அண்ணி கையில டீக் கேன்.

பழவேற்காட்டுல கணக்கு எடுக்குற ஷமீமா டீச்சர். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். புடவையை முட்டிக்கு மேல சொருகிக்கிட்டு எல்லாரையும் விட முன்னாடி சேத்துல இறங்கிட்டாங்க. ஸ்கேலை வெச்சு அளந்து அளந்து எழுதினவங்க திடீர்னு நிறுத்தினாங்க.

"இங்க வாங்கம்மா."

போனேன். செடி அடியில கையை விட்டு எதையோ இழுத்தாங்க. கறுப்பு பிளாஸ்டிக். நாங்க கிழிக்காம விட்ட பை.

"பதினோரு மாசத்துச் செடின்னு போர்டுல இருக்கு. பை இன்னும் புதுசா இருக்கே." அடுத்த செடியிலயும் கையை விட்டாங்க. அதுலயும். மிரட்டுற குரல் இல்ல. தப்பு எங்கன்னு தேடுற கணக்கு டீச்சர் குரல். "நீங்கதானே பொறுப்பு? இது எப்ப நட்டது?"

பக்கத்துக் குழு திரும்பிப் பாத்தாங்க. பி. சார் கொஞ்ச தூரத்துல மேடமோட நின்னாரு. "மாத்து நடவு டீச்சர், அங்கங்க செத்ததுக்குப் பதிலா"ன்னு சொல்லியிருக்கலாம். வாயில தயாரா இருந்துச்சு. பொய்கூட இல்ல அது, முக்கால் உண்மை.

"புதன்கிழமை," அப்படின்னேன்.

"எந்தப் புதன்?"

"இந்தப் புதன். மூணு நாள் ஆச்சு."

பி. சார் முகத்தை நான் பாக்கல.

ஷமீமா டீச்சர் கேட்டாங்க, "அப்போ போன வருஷம் வெச்சது?"

"பின்னாடி இருக்கு. சேறு ஆழம். வர்றவங்க வரலாம்."

பத்துப் பதினஞ்சு பேர் வந்தாங்க. மேடம் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வந்தாங்க. குச்சிக்குள்ள நின்னு எல்லாத்தையும் சொன்னேன். தண்ணி நிக்கிறது, பாசி, வேர் அழுகுறது. இது யார் இறால் தடவுற இடம்னும் சொன்னேன். இதெல்லாம் நடுறதுக்கு முன்னாடியே சொன்ன ஆள் கரையில டீ குடுத்துக்கிட்டு நிக்கிறாங்கன்னும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை எண்ணினதை எடுத்துக் காட்டி, எல்லார் முன்னாடியும் பதிவேற்றினேன். இங்க சிக்னல் மெதுவு. வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. போயிடுச்சு.

திரும்பி வரும்போது அண்ணி மேடத்துக்கு டீ ஊத்தினாங்க. மேடம் ஏதோ கேட்டாங்க, அண்ணி கையை நீட்டி நீட்டிக் காமிச்சுப் பதில் சொன்னாங்க. எனக்குக் கேக்கல.

படகு ஏறும்போது பி. சார் சொன்னது ஒண்ணுதான். "முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாம் அமுதா."

வியாழக்கிழமை போன்லயே சொன்னேனே.

பிப்ரவரி 15, ஞாயிறு

யாரும் கூப்பிடல. போனை நானே ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன்.

துணி துவைச்சேன். டேப்லெட் எல்லாம் துடைச்சுப் பெட்டியில வெச்சேன், திருப்பிக் கேட்டா குடுக்குறதுக்கு. சார்ஜர் ஒண்ணு காணோம்.

அண்ணி மதியம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாங்க. நண்டு.

"அந்தம்மா என்னாண்ட இன்னா கேட்டுச்சு தெரியுமா? எத்தினி வருஷமா தடவுறீங்கன்னு. பாவாடை கட்டின நாள்ல இருந்துன்னேன்."

"அப்புறம்?"

"எழுதிக்கிச்சு." நண்டு காலை உடைச்சு என் தட்டுல வெச்சாங்க. "உன் வேலை போயிடுமா?"

"தெரியல அண்ணி."

"ரூமும் போயிடுமா?"

"போகலாம்."

யாழினி உள்ள படிக்கிற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் அதைக் கேட்டுக்கிட்டு இருந்தோம்.

"அதுக்கும் ஒரு வழி பாக்கணும்," அண்ணி சொன்னாங்க. என்ன வழின்னு சொல்லல. இருக்குற மாதிரியும் தெரியல.

மூணு வருஷம்ன்றதை இன்னும் சொல்லல.

பிப்ரவரி 17, செவ்வாய்

பி. சார் போன். குரல்ல சந்தோஷம். முதல்ல புரியல.

"மேடம் அறிக்கை அனுப்பிட்டாங்க. ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. தோல்வியை மறைக்காம சொன்ன முதல் களம் நம்மளோடதுதானாம். உங்க பேர் போட்டிருக்காங்க."

"அப்போ மூடலையா சார்?"

"மூடுறதா? ரெண்டாம் கட்டம் குடுக்குறாங்க. இந்த தடவை வேற வகைச் செடி, மேடு போட்டு, வாய்க்கால் வெட்டி. உள்ளூர் அனுபவத்தைச் சேர்த்துக்கணும்னு குறிப்பா சொல்லியிருக்காங்க, உங்க அண்ணி சொன்னதை வெச்சுத்தான். டேப்லெட் ரூமும் தொடரும். நீங்க இனிமே மூத்த பொறுப்பாளர்."

போனை இன்னொரு காதுக்கு மாத்தினேன்.

"வேலி?"

"வேலி இருக்கும். வாய்க்காலுக்குக் கொஞ்சம் கூட இடம் வேணும். தெக்கே ஓடை வரைக்கும் நீட்டணும். ஊர்ல நீங்க பேசிடுங்க, வியாழக்கிழமை கூட்டம் இருக்குல்ல? நீங்க சொன்னா கேப்பாங்க. அந்தப் பொம்பளைங்க படம் ரெண்டு எடுத்து அனுப்புங்க, அறிக்கை அட்டைக்கு."

தெக்கே ஓடை. இப்போ அவங்க போற இடம்.

உண்மையைச் சொன்னா கதவு திறக்கும்னு எப்பவோ நானா நெனச்சுக்கிட்டேன். சொன்னேன். அதையும் எடுத்து வேலிக்குக் கம்பா நட்டுட்டாங்க. பி. சாரைத் திட்டக்கூட முடியல. அவர் எனக்கு நல்லது பண்ணிட்டதா மனசார நம்புறாரு.

நாளைக்குப் பல்லைப் பிடுங்கிடணும். பொன்னேரி.

பிப்ரவரி 18, புதன்

பல்லு போச்சு. பஞ்சு வெச்சுக் கடிச்சுக்கிட்டு, காணாமப்போன சார்ஜருக்குப் பதிலா ஒண்ணு கடையில வாங்கினேன். வேற ஒண்ணும் இல்ல. பேச முடியாதது நிம்மதியா இருந்துச்சு.

பிப்ரவரி 19, வியாழன்

ஊர்க்கூட்டம், நாலு மணி. ஆம்பளைங்க உக்காந்தாங்க. எங்க தெருப் பொம்பளைங்க பின்னாடி நின்னாங்க. நாட்டார் என்னைப் பேசச் சொன்னாரு. கன்னம் வீங்கி இருந்துச்சு.

நான் பேசல. ஃபைலைப் பிரிச்சுப் படிச்சேன். பதினோரு பக்கமும், தமிழ்ல, ஒவ்வொரு வரியா. போன வருஷமே செஞ்சிருக்க வேண்டியது. மூணு வருஷம்ன்ற வரி வந்ததும் நிறுத்தினேன். தண்ணி குடிச்சுட்டு மறுபடியும் அதே வரியைப் படிச்சேன். முடிச்சுட்டு ரெண்டாம் கட்டம், ஓடை, எல்லாம் சொன்னேன். "ஒரு வருஷம்னு நான் சொன்னது தப்பு. படிக்காம கையெழுத்துப் போட்டேன்"னேன்.

திட்டுவாங்கன்னு நின்னேன். மல்லிகா அக்கா மட்டும், "அடிப்பாவி"ன்னாங்க, மெதுவா. திட்டினதை விட அது வலிச்சுது.

நாட்டார் சொன்னாரு, "நம்ம பாட்டுல கை வெக்காத வரைக்கும் ஊருக்கு ஆட்சேபனை இல்ல. ரூம் வந்துச்சு, லைட்டு வந்துச்சு, பசங்க படிக்குது. வேலி இருந்துட்டுப் போவட்டும்."

அண்ணி முன்னாடி வந்தாங்க. கூட்டத்துல எங்க தெருப் பொம்பளை பேசி நான் பாத்ததில்ல.

"உங்க பாட்டுல கை வெக்கல, சரி. நாங்க கை வெக்கிற எடமே அது ஒண்ணுதான். பசங்க படிக்கட்டும். எம்பொண்ணும் படிக்குது. அதுக்காண்டி நாங்க சேத்துல கை வெக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? செடி வெக்கட்டும், எங்க வெக்கிறதுன்னு எங்களைக் கேட்டு வெக்கட்டும். வேலி எதுக்கு? செடியை நாங்க இன்னா தின்னுடவா போறோம்?"

ஒருத்தர் சிரிச்சாரு. நாட்டார் சிரிக்கல. "பாக்கலாம்"னாரு. பாக்கலாம்னா இங்க இல்லன்னு அர்த்தம். கூட்டம் கலைஞ்சுது.

வீட்டு வாசல்ல அண்ணி நின்னு, "நாளைக்குத் தண்ணி எப்போ எறங்குது?"ன்னாங்க.

"எட்டு மணிக்கு."

"ம்."

பிப்ரவரி 20, வெள்ளி

எட்டு மணி. பதினாலு பேர், இடுப்புல இறால் போடுற பறிக்கூடை. வேலிக்கதவு முன்னாடி நின்னாங்க. தேசம்மா கையில அருவாமனை.

"நீ அவுக்குறியா, நாங்க அறுக்கட்டுமா?" அண்ணி.

கயித்தை நான்தான் கட்டினது, நானே அவுத்தேன். முடிச்சு உப்புல இறுகி நகம் பிஞ்சுது. கதவை மூங்கிலோட பிடுங்கிக் கரையில போட்டோம்.

வரிசையா இறங்கினாங்க. யாரும் கத்தல, சிரிக்கல. தண்ணில உக்காந்து கை உள்ள போச்சு, பதினாலு முதுகும் ஒண்ணா நகர்ந்துச்சு. புதுச் செடி வந்தா சுத்திக்கிட்டுப் போனாங்க. ஒண்ணைக்கூட மிதிக்கல. உயிரோட இருக்குற நாப்பத்தி மூணையும்.

பி. சார் கேட்ட படம். ரெண்டு எடுத்தேன். பின்னாடி பிடுங்கின கதவு தெரியற மாதிரி. அனுப்பினேன். கீழ எழுதினேன்: "இன்று காலை, நடவுப் பகுதி. வேலி இல்லாமல்." நீல டிக் வந்துச்சு. பதில் இல்ல. அப்புறம் போன் அடிச்சுது. எடுக்கல. மறுபடியும் அடிச்சுது.

போனைக் கரையில துணி மேல வெச்சுட்டு இறங்கினேன். எனக்குத் தடவத் தெரியாது. படிக்கட்டும்னு என்னை யாரும் இறக்கல. அண்ணி என் மணிக்கட்டைப் பிடிச்சுச் சேத்துக்குள்ள அழுத்தினாங்க. "விரலை விரி. அவசரப்படாத. அதுவா வந்து முட்டும்." ஒரு மணி நேரத்துல ரெண்டு தடவை முட்டுச்சு. ரெண்டும் போயிடுச்சு.

கரைக்கு வந்து பாத்தா ஒன்பது மிஸ்டு கால். நாட்டார் ஆள் ஒருத்தர் தூரத்துல நின்னு பாத்துட்டுப் போனாரு.

அண்ணி பறி பாதிக்கு மேல.

ரூம் சாவி கேட்டு திங்கக்கிழமைக்குள்ள ஆள் வரலாம். வராமலும் போகலாம். இன்னிக்கு அஞ்சு மணிக்கு க்ளாஸ் உண்டு. யாழினிக்கு ஒளி விலகல், இன்னும் ரெண்டு கணக்கு பாக்கி.